பிரமாணப் பத்திரத்தின் பதினான்காம் பத்தி

என் கணவர் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் மொத்தம் 31 பத்திகள். பதினான்காவது பத்தி இதுதான்: எதிர்மனுதாரர் இணையத் தொடர்களைப் பார்த்து, அவற்றில் வரும் பெண்களைப்போல் நடந்துகொள்ளத் தூண்டப்பட்டு, மைனர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறிவிட்டார். எதிர்மனுதாரர் என்பது நான். வக்கீலம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என்ன தொடரம்மா பார்த்தாய்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அடுத்த தாளைப் புரட்டியதும் அது நின்றுவிட்டது. என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட், வண்ண அச்சில், தேதியோடு இணைக்கப்பட்டிருந்தது.

அந்தத் தொடரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதுரையில் எட்டு ஆண்டுகள் குடித்தனம் செய்தேன். என் கணவர் என்னைக் கைநீட்டி அடித்தது மொத்தம் இரண்டு முறைதான். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்ததே எனக்குப் பெரிய இடைஞ்சல். ஏ.டி.எம். கார்டு அவரிடம் இருக்கும். கைபேசியை எந்த நேரம் கேட்டாலும் திறந்து கொடுக்க வேண்டும். பி.காம். முடித்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை, திருமணமான இரண்டாம் மாதம் அவர் சொன்ன 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லுக்காக விட்டேன். கோபம் வந்தால் பொருள்கள் பறக்கும். என் மேல் விழாது, பக்கத்தில் விழும். குறி தவறுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

2021 ஜனவரியில் ஓர் இரவு, சாம்பார் சாதம் இருந்த தட்டு மகளின் தலைக்கு மேலே சுவரில் போய் மோதியது. அவளுக்கு அப்போது நாலரை வயது. அழவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முடியில் இருந்து பருக்கைகளைப் பொறுக்கினேன். ஒன்று காதுக்குள் போயிருந்தது. விடிகாலை ஐந்தே காலுக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். பையில் இருந்தவை அவளுடைய இரண்டு கவுன், ஒரு துணிப் பொம்மை, என் புடவை ஒன்று. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, என் பட்டச் சான்றிதழ், ஆதார் எல்லாம் மதுரை அலமாரியில். கிளம்பும் எண்ணம் மனதில் தோன்றிய அன்றே எல்லாவற்றையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கலாம். அந்த எண்ணம் தோன்றி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சான்றிதழ்களைத் திரும்ப எடுக்க நான்கு மாதம் அலைந்தேன்.

அம்மா வீட்டில் எட்டரை மணிக்குத் தொடர் ஓடும். அம்மாவுக்குக் குடும்ப வழக்கு பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்து வந்ததுதான். கூண்டில் நிற்கும் குழந்தை. இரண்டு பக்கமும் நிரம்பி வழியும் பார்வையாளர்கள். வக்கீலின் முழக்கம். நீதிபதி மேசையைத் தட்டுவார். தீர்ப்புக்கு முந்தைய நாள் அப்பன் பிள்ளையைக் கடத்துவான். நான் வழக்குப் போடப்போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாப்பா, பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவார்களா?" என்பதுதான். எனக்கும் அதைவிட அதிகம் தெரியாது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

முதலில் போனது ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992-இல் சென்னையில் முதல் மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது அதன் நோக்கமே என் போன்றவர்கள் கூச்சமில்லாமல் பேச வேண்டும் என்பது. அங்கே இருந்த அம்மையார் நல்லவர்தான். அவர் கையில் இருந்த மருந்து ஒன்றே ஒன்று, சமாதானம். இரண்டு பக்கத்தாரையும் வரவழைத்து, குழந்தை முகத்தைப் பார்த்துச் சேர்ந்து வாழுங்கள் என்றார். என் கணவர் தலையைக் குனிந்து சரி என்றார். அவர் எவ்வளவு அழகாகத் தலை குனிவார் என்று எனக்குத் தெரியும். நான் மறுத்தேன். மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது கிடைத்தது. நோஞ்சான் தாள். ஆனால் என் வழக்கில் முதல் தேதி அதில்தான் இருந்தது. யாரும் ரசீது வேண்டுமா என்று நம்மிடம் கேட்க மாட்டார்கள்.

பிறகு மாவட்ட சமூகநல அலுவலகம், பாதுகாப்பு அலுவலர். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் உருவாக்கிய பதவி இது. தொடர்களில் நான் பார்த்தே இராத பாத்திரம். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "அடித்தாரா?" என்றார். "பெரிதாக இல்லை மேடம்" என்றேன். அவர் நிமிரக்கூட இல்லை. அடுத்தடுத்த வரிகளைப் படிக்க ஆரம்பித்தார். இழிவாகப் பேசுவது உண்டா? செலவுக்குப் பணம் கொடுக்காமல் இருந்தது உண்டா? வேலைக்குப் போவதைத் தடுத்தாரா? வீட்டை விட்டு வெளியே போக விடாமல் செய்தாரா? நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட, அவர் பேனாவால் குறி போட்டுக்கொண்டே போனார். முடிவில் பதினோரு குறிகள். உடல், மனம், பாலியல், பொருளாதாரம் என்று நான்கு வகையிலும் வன்முறை உண்டு என்று சட்டம் பிரித்து வைத்திருப்பதை அந்த மேசையில்தான் அறிந்தேன். எட்டு ஆண்டுகளாக நான் 'அவர் சுபாவம்' என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அரசாங்கப் படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன.

நான் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றும் அவர்தான் சொன்னார். அந்தச் சட்டத்தில் தற்காலிகமாகத் தங்கும் இடமே போதும், மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றபோது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினார். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறதாம். என் வக்கீலம்மா அப்படிக் கிடைத்தவர். இலவசம் என்றால் மட்டமாக இருக்கும் என்று உறவில் ஒரு சித்தப்பா சொன்னார். அந்தச் சித்தப்பாவும் தொடர் பார்ப்பவர்தான். "வரதட்சணைக் கேஸ் போடு, மறுநாளே உள்ளே தள்ளிவிடலாம்" என்பது அவருடைய சட்ட ஆலோசனை. அப்படி உடனடிக் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே வழிமுறை வகுத்துவிட்டது அவருக்குத் தெரியாது. நான் அந்தக் குற்ற வழக்கைப் போடவில்லை. அது என் முடிவு. வேறொருத்திக்கு அதுவே தேவையாக இருக்கலாம்.

மனு ஏற்கப்பட்டால் மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு இடைக்கால உத்தரவு வருவதற்கே ஐந்து மாதம் ஆனது. நடுவில் கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கு. முதல் வாய்தா நாளில் நீலப் புடவை கட்டி, பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டவாலி என் பெயரை மூன்று முறை கூவினார். நான் உள்ளே போய் நிற்பதற்குள் வக்கீலம்மா ஏதோ சொன்னார், அந்தப் பக்க வக்கீல் ஏதோ சொன்னார், நீதிபதி ஏதோ எழுதினார், அடுத்த பெயரைக் கூவிவிட்டார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்து, "என்ன மேடம் ஆயிற்று?" என்று கேட்டேன். "அவர்கள் பதில் தாக்கல் செய்ய நேரம் கேட்டார்கள், கொடுத்தார்கள்" என்றார். நான் பேசுவதற்கு வந்தேனே என்றேன். "நீ பேச வேண்டியதெல்லாம் தாளில் இருக்கிறது. அதில் இல்லாததை நீ நாளைக்கு எவ்வளவு கத்தினாலும் எடுபடாது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து தட்டு மோதிய இரவை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சுவரின் நிறம், மணி, பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது வரை. சம்பவம் நடந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் மூன்று பக்கம் வந்திருக்கும்.

2021 ஜூலையில் மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. ஆகஸ்டில் என் கணவர் குழந்தையைக் கேட்டு மனுப் போட்டார். ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் வருவது. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட முடியும் என்பதால் அவரும் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே வர வேண்டியிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அம்மாவுக்கு ஏக மகிழ்ச்சி. ஆனால் இரவெல்லாம் என் தூக்கத்தைக் கெடுத்ததும் அம்மாதான். ஐந்து முடிந்தால் பிள்ளை அப்பனுக்கு என்று தொடரில் ஒரு வக்கீல் சொன்னாராம். பாதி உண்மை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளையர் சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் தானாகத் தகப்பனிடம் போய்விடும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் எழுதியதை வக்கீலம்மா எனக்குப் படித்துக் காட்டினார். அது எனக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான், அந்த நவம்பரில், தம்பியின் மடிக்கணினியில் 'மெய்ட்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தேன். வீடுகளைச் சுத்தம் செய்து மகளை வளர்த்த ஸ்டெஃபனி லேண்ட் என்பவர் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தைத் தழுவியது, பத்துப் பகுதிகள். அந்தப் பெண் இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். குழந்தையின் முடியில் கண்ணாடிச் சில்லு. நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். மறுநாள் இரவுதான் திரும்பத் திறக்க முடிந்தது. அவள் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, அவன் என்னை அடிக்கவில்லையே என்று தயங்குகிறாள். நீதிமன்றத்தில் அவள் காதில் வக்கீல்களின் பேச்சு சட்டம், சட்டம் என்ற ஒரே சொல்லாகத் தேய்ந்து விழுகிறது. என் நீலப் புடவை நாள் நினைவுக்கு வந்தது. நடுவில் அவள் அவனிடமே திரும்பியும் போகிறாள். என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை, "லூசு மாதிரி ஏன் போகிறாள்?" என்றான். நான் 2018-இல் ஒரு முறை வீட்டுக்கு வந்துவிட்டு, பதினோரு நாளில் திரும்பிப் போனவள். அவனுக்கு அப்போது கல்லூரித் தேர்வு, ஞாபகமில்லை.

அன்றிரவுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். காட்சி ஒன்றைக் கைபேசியில் படம் எடுத்து, 'இப்படித்தான் இருந்தது' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். பார்த்தவர்கள் 43 பேர். அதில் ஒருத்தி அவருடைய அத்தை மகன் மனைவி. வழக்கு நடக்கும்போது ஸ்டேட்டஸ், முகப்புப் படம், பிறந்தநாள் கேக், கோயில் திருவிழாவில் சிரித்தது எல்லாமே அந்தப் பக்கத்துக்கு ஆவணம். நான் சொல்லித் திருந்தியவர்கள் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அந்தத் தொடர் எனக்கு ஒரு நன்மையும் செய்தது. திரையின் ஓரத்தில் அவள் கையில் இருக்கும் பணம் எண்ணாக வரும். பெட்ரோல், டயப்பர், என்று குறைந்துகொண்டே போகும். கணக்கு எழுதிய கைக்கு அதைப் பார்த்ததும் அரித்தது. மறுநாள் மகளின் பழைய கட்டுரை நோட்டில் ஆரம்பித்தேன். பால் எவ்வளவு, பள்ளி வேன் எவ்வளவு, காய்ச்சலுக்கு டாக்டர் எவ்வளவு. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நோட்டு இருந்ததால் என் பத்திரத்தை ஒரே மாலையில் நிரப்பினேன். அவர் தன் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினார்; வங்கி அறிக்கையைக் கேட்டு மனுப் போட்டதும் கூடியது. மகளுக்கு மாதம் 7,000 ரூபாய் என்று உத்தரவானது. அது ஒழுங்காக வந்த மாதங்களும் உண்டு, வராத மாதங்களும் உண்டு.

வராத மாதத்தில் குழந்தையைக் காட்ட மாட்டேன் என்று ஒரு முறை நின்றுவிட்டேன். வக்கீலம்மாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பணம் வேறு, பார்வை வேறு. பணம் வரவில்லை என்றால் அதற்குத் தனி மனு. பார்க்க விடாமல் தடுத்தால் அடுத்த வாய்தாவில் நான்தான் குற்றவாளி.

பார்வை என்பது சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, நீதிமன்ற வளாகத்தில் இருந்த குழந்தைகள் அறையில். சுவரில் சாயம் போன முயல், கை உடைந்த மரக் குதிரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் எத்தனையோ தொடர்களில் பார்த்திருக்கிறேன்: கொடுமைக்கார அப்பன் கையை நீட்டுவான், பிள்ளை அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். முதல் சனிக்கிழமை என் மகள் என் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது மாதப் பிரிவு. அவர் அழுதார். அது நடிப்பில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. நான் வாசல் படியில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிராக என் மகளே சாட்சி சொல்லிவிட்டாள் என்று தோன்றியது. அந்த எண்ணத்துக்காக வெட்கப்பட எனக்கு வெகுநாள் ஆனது.

அங்கே ஆலோசகராக இருந்த அம்மாள் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தட்டு எறிந்த அப்பாவும் உப்புமூட்டை தூக்கிய அப்பாவும் அவளுக்கு ஒரே ஆள்தான், அவளைப் பிரித்துப் பார்க்கச் சொல்லாதே என்றார். திரும்பி வந்ததும் 'என்ன சொன்னார், என்ன கேட்டார்' என்று துருவாதே. பசிக்கிறதா என்று மட்டும் கேள். ஒப்படைக்கும்போது வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. பள்ளி நோட்டையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடு. அவர் வந்த நேரம், போன நேரம், வராத நாள் எல்லாவற்றையும் அன்றே எழுதிவை. எழுதுவது எனக்கு எளிதாக வந்தது. துருவாமல் இருப்பது வரவில்லை. மாதக்கணக்கில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர்களின் கணக்குப்படி அவர் வில்லி. எனக்கு முதுகு வலித்த நாட்களில் மாவை அவர்தான் ஆட்டி வைப்பார். சாட்சி சொல்ல வந்தபோது தட்டு விழுந்த சத்தமே கேட்கவில்லை என்றார். வெளியே வந்து பேத்தியின் ஜடையை அவிழ்த்துத் திருப்பிப் பின்னிவிட்டார்.

குறுக்கு விசாரணை 2022 டிசம்பரில். அதற்கு முந்தைய வாரம் 'பிக் லிட்டில் லைஸ்' தொடரின் இரண்டாம் பருவத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அதில் நிக்கோல் கிட்மன் தானே எழுந்து, பேரப் பிள்ளைகளைக் கேட்டு வழக்குப் போட்ட மாமியாரைக் கேள்விகளால் துளைப்பார்; மாமியார் மெரில் ஸ்ட்ரீப். இரண்டு நாள் நான் கண்ணாடிமுன் நின்று அப்படியெல்லாம் பேசிப் பார்த்தேன். வக்கீலம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போலும். "கேட்டதற்கு மட்டும் பதில். ஆம், இல்லை, நினைவில்லை. கேட்காத ஒரு சொல்லையும் கொடுக்காதே" என்றார். தொடரில் உண்மை வெடிக்கும் இடத்தில்தான் இசை வரும். இங்கே வெடித்தால் அது தட்டச்சாகிவிடும், அவ்வளவுதான்.

குடும்ப நல நீதிமன்றத்தில் பார்வையாளர் கூட்டமும் இல்லை. எந்தத் தரப்பு கேட்டாலும் கதவைச் சாத்தி விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். நீதிபதி, இரண்டு வக்கீல்கள், நாங்கள் இருவர், தட்டச்சர், மின்விசிறி. அந்தப் பக்க வக்கீல் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினார்.

"இந்தத் தொடரை நீங்கள் பார்த்தீர்கள்?"

"ஆம்."

"இதில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவில் வீட்டை விட்டு ஓடுகிறாள்?"

"ஆம்."

"இதைப் பார்த்துத்தான் நீங்களும் வெளியேறினீர்கள் என்று சொல்கிறேன்."

"சரியல்ல. நான் வெளியேறியது 2021 ஜனவரி. தொடர் வெளிவந்தது 2021 அக்டோபர்."

நான் எதிர்பார்த்த அமைதி ஒன்றும் விழவில்லை. தட்டச்சர் தலையைத் தூக்கி, "எந்த மாதம் சொன்னீர்கள்?" என்று கேட்டார். திருப்பிச் சொன்னேன். அவர் அடித்த வாக்கியம் இப்படிப் பதிவானது: இணையத் தொடரைப் பார்த்துத் தூண்டப்பட்டு நான் வீட்டை விட்டு வெளியேறினேன் என்று சொன்னால் அது சரியல்ல. அடுத்த கேள்வி நான் சாப்பிட்ட தூக்க மாத்திரை பற்றி. அதற்கும் டாக்டர் சீட்டு இருந்தது.

கைபேசியில் இருந்த என் கணவரின் குரல் செய்திகள் எனக்குச் சாதகமாக இருந்தன. தொடரில் என்றால் யாராவது கடைசி நிமிடத்தில் பென் டிரைவோடு ஓடி வருவார்கள். எங்களுக்கு அதனுடன் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்று என்ற ஒன்று தேவைப்பட்டது. இது எந்தக் கருவியில் இருந்து எப்படி நகல் எடுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திடும் தாள். 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் வந்த பிறகு அது 63-ஆம் பிரிவாகிவிட்டது. நான் நடுவில் கைபேசியை மாற்றியிருந்தேன். பழைய கைபேசியை அம்மா அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், தண்ணீரில் விழுந்ததாம். நல்லவேளை, உயிரோடு இருந்தது. வழக்கு முடியும்வரை பழைய கைபேசியை விற்காதீர்கள்.

பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவார்களா என்று அம்மா கேட்டாள் அல்லவா. ஏற்றவில்லை. மகளை நீதிபதி தன் அறைக்குள் தனியாக அழைத்துப் பேசினார், பத்து நிமிடம். குழந்தைக்கு விவரம் தெரிந்த வயது என்றால் அதன் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அவளுக்கு ஆறரை. அம்மா முந்தைய இரவே, 'அம்மாவோடுதான் இருப்பேன் என்று சொல்' என்று சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். நான் தடுத்துவிட்டேன். என் நல்ல குணத்தினால் அல்ல. சொல்லிக்கொடுத்த பேச்சு எப்படி ஒலிக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் என்று வக்கீலம்மா எச்சரித்திருந்தார். வெளியே வந்தவள் தானே சொன்னாள். யார் தலை பின்னுகிறார்கள், யாருடன் தூங்குகிறாய், பள்ளியில் யார் சிநேகிதி என்றெல்லாம் கேட்டாராம். யார் வீடு பிடிக்கும் என்று கேட்டதற்கு, "அம்மா வீட்டில் பாட்டி இருக்கிறாள், அப்பா வீட்டில் டிவி பெரிது" என்றாளாம்.

2023 ஜூனில் உத்தரவு வந்தது. குழந்தை என்னிடம். மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் காலை 10 முதல் மாலை 5 வரை அவரிடம். கோடை விடுமுறையில் பதினைந்து நாள் மதுரையில். அம்மா தேங்காய் உடைத்தாள். 'மெய்ட்' தொடரின் கடைசியில் அவன் மனம் மாறி, குழந்தையை அவளுடனே அனுப்பிவைக்கிறான்; கார் கிளம்பிப் போகிறது. எங்களிடம் கார் இல்லை. மகளும் எங்கும் போய்விடப் போவதில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளையார் கோயில் வாசலில் பத்து மணிக்கு நிற்க வேண்டும், அதற்கு அடுத்ததும், அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை. தீர்ப்பு நாள் என்று நான் இரண்டரை ஆண்டு காத்திருந்தது உண்மையில் ஒரு கால அட்டவணை. யாரும் அதை எனக்கு முன்பே சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

முதல் சில மாதங்கள் கோயில் வாசலில் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு காய்ச்சல் மருந்து, பள்ளி ஆண்டு விழா, செருப்பு அளவு என்று வந்தது. எழுத்தில்தான், வாட்ஸ்அப்பில், எல்லாமே அழிக்காமல் இருக்கிறது. ஒரு முறை குரல் உயர்ந்தது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் எனக்குக் கிடைத்திருந்த பாதுகாப்பு உத்தரவை அவருக்கு நினைவூட்டினேன். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவதற்கு வந்தார்.

இந்த மே மாதம் மதுரையில் இருந்து திரும்பியவள் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாமியார் இப்போது தன் மகள் வீட்டில் இருக்கிறார், என் கணவர் தனியாகச் சமைக்கிறார் என்பது மட்டும் தெரியும். மூன்றாம் நாள் எட்டரை மணிக்கு, அம்மா தொடரில் மூழ்கியிருந்தபோது மெல்லக் கேட்டாள்: "பாட்டி அரைக்கிற சாம்பார்ப் பொடி கொஞ்சம் அப்பாவுக்குக் கொடுக்கலாமா? அப்பா வைக்கிற சாம்பார் நன்றாகவே இல்லை."

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். நான் எழுந்து போய், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி மேடையில் கவிழ்த்து வைத்தேன். இன்னும் நிரப்பவில்லை.